அனகாவின் மதத்தைக் காப்பாற்றிய கதை

எட்டு வயது அனகாவை வளர்க்க எங்களிடம் ஒப்படைத்தபோது பன்னிரண்டு நிபந்தனைகளுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். குழந்தையின் மதத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது ஏழாவது. என் சொந்த மதத்தையே நான் அவ்வளவு அக்கறையாகப் பாதுகாத்தவன் இல்லை. பாறசாலையில் எங்கள் சபையில் பிரசங்கம் தொடங்கினாலே எனக்குக் கண் சொக்கும்.

அனகா இந்துப் பிள்ளை. தாய் இறந்துவிட்டாள், தகப்பன் போன இடம் தெரியவில்லை. இரண்டு வருடம் ஒழுங்காக வளர்த்தால் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம் என்று குழந்தைகள் நலத்துறை அதிகாரி விமலகுமாரி சொல்லியிருந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடம் காத்திருந்தவள் என் மனைவி சத்தியபாய். அவளுக்கு அந்த இரண்டு வருடம்தான் உயிர். அந்த நேரம் பார்த்து சபையில் ஒரு புண்ணியவான் சொன்னார்:

"பிள்ளெய மதம் மாத்துதாவன்னு எவனாவது ஒரு பெட்டிஷன் போட்டா போரும். அன்னைக்கே கொண்டு போயிருவாவ."

அவ்வளவுதான். இயேசுவின் படம்கூட மாட்டாத பழைய மிஷன் குடும்பத்து வீட்டுக்குள் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு நிலவிளக்கு வந்து இறங்கியது. எத்தனை திரி, எந்தத் திசை என்று கேட்கப் பக்கத்து வீட்டு சரசம்மாவிடம் போனாள் சத்தியபாய்.

"தெனமும் கொளுத்துதியளா?" சரசம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாங்க வெள்ளிக்கிழமெ மட்டுமாக்கும்."

"ஒங்களுக்கு ஆபீஸர் வாறதில்லல்லா சேச்சி."

விளக்கின் முன் சொல்லும் சிவ நாமத்தையும் சரசம்மாவே அனகாவுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சத்தியபாய் ஆராதனைக்குப் போவாள். நான் அனகாவை பைக்கில் சிவன் கோயிலுக்குக் கொண்டு போவேன். எங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அவள் தனியாகப் போய்க் கும்பிட்டு வரும்வரை செருப்புக்குக் காவல் நிற்பேன். ஏன் பொன்னுதாஸ் சபைக்கு வரவில்லை என்று போதகர் கேட்டால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடுவு வலி என்பேன். சாப்பாட்டுக்கு முன்னால் நாங்கள் இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, களவு செய்கிறவர்களைப் போல ஜெபித்துவிட்டு வருவோம். ஒரு 'ஆமென்' அவள் காதில் விழுந்துவிடக் கூடாதே!

முதல் வருடம் முடிந்ததும் விமலகுமாரி வந்தார். பிள்ளை எங்களோடு இருப்பதும் போவதும் அவர் எழுதும் அறிக்கையில் இருந்தது. விளக்கைப் பார்த்தார், அனகாவின் நெற்றியில் திருநீறைப் பார்த்தார். "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். சத்தியபாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மோளு பிரார்த்திக்கது உண்டா?"

அனகா எழுந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இயேசப்பா, பொன்னுதாஸ் மாமனுக்க நடுவு வலிய மாத்தணும். என்னெ இங்கயே நிப்பாட்டணும். ஆமென்."

சத்தியபாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். விமலகுமாரியின் பேனா நின்றது.

"இது ஆரு படிப்பிச்சது?"

"ஆரும் இல்ல. கதவுக்கப் பொறத்த நின்னு கேட்டு நானே படிச்சதாக்கும்."

"எதுக்கு மோளே?"

"ரெண்டு பேரும் கதவடச்சு ஜெபிப்பாவ. என்னெ மட்டும் சேக்கமாட்டாவ. ஜெபம் தெரிஞ்சா சேப்பாவன்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை இழந்துவிடக் கூடாது என்றுதான் ஒரு வருடம் கதவைச் சாத்தினோம். அவள் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள்.

சத்தியபாய்க்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. "மக்கா, சரசம்மா சேச்சி படிப்பிச்ச நாமம் சொல்லு. மேடத்துக்குச் சொல்லிக் காட்டு" என்று பதறினாள். அனகா உடனே கைகூப்பி அதையும் ஒரு பிழையில்லாமல் சொல்லி முடித்தாள். சொல்லும்போது எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

 விமலகுமாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு வருஷம் நீட்டலாம்னு எழுதுதேன்" என்றார்.

சத்தியபாய் அழுதேவிட்டாள். அழுதுகொண்டே சாயா போட அடுக்களைக்கு ஓடினாள். அனகா மெல்ல வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, ரெண்டுல ஏதுக்காக்கும் பாஸ் போட்டாவ? சொல்லுங்க, மத்தத மறந்திருதேன்."