அக்கரை மாத்திரை

எனக்கு வலிப்பு வரும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அம்மாவுக்குத்தான். வெளியே தெரிந்தால் தங்கச்சி ஞானாம்பிகைக்கும் மாப்பிள்ளை கிடைக்காதாம். அதனால் எங்கள் ஊர் பட்டர்வொர்த்தில் ஒருவரும் பார்த்துவிடாமல், ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய், ஒரு தனியார் டாக்டரிடம் கொள்ளை விலைக்கு மாத்திரை வாங்கி வந்தார்கள். அப்பா ரிட்டயர் ஆனதும் அது கட்டுப்படியாகவில்லை. அம்மா மாத்திரையைப் பாக்குவெட்டியால் பாதியாக நறுக்கிக் கொடுத்தார். பாதி மாத்திரைக்கு முழு வலிப்பு வந்தது. அடுப்படியில் விழுந்து இடது கை வெந்துபோனது. சுடுதண்ணி கொட்டிவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கை ஆறியதும் யாரிடமும் கேட்காமல் அக்கரையில் ஜார்ஜ்டவுன் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளி அட்டை போட்டேன். ஒரு வெள்ளி, அதாவது ஒரே ஒரு ரிங்கிட் கட்டினால் ஒரு மாதத்துக்கு மாத்திரை, முழுசு முழுசாக. வீட்டில் கோயிலுக்குப் போவதாகப் பொய். அக்கரைக்குப் போனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் நம்பினேன். அந்த அம்மா பெற்ற மகள்தானே!

மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்துக் கவுண்டருக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யோகம்மா ஆன்ட்டி. அவர் மகன் கதிர்காமநாதனுக்குத்தான் ஞானாம்பிகையைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஆறு வாரம். அப்பாவின் பிரஷர் மருந்துக்கு வந்தேன் என்றேன். தன் முட்டிவலிக்கு வந்ததாக அவர் சொன்னார்.

கவுண்டரில் மருந்து கொடுக்கும் நோர்மா என் பெயரைக் கூப்பிட்டாள். அது யாரோ வேறு கனகேஸ்வரி என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கதிர்காமநாதன் என்று கூப்பிட்டாள். ஆன்ட்டி முட்டியைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தார். மண்டபம், சேலை, பலகாரம் என்று இருவரும் விடாமல் பேசினோம். அவர் முதலில் வீட்டுக்குக் கிளம்பட்டும் என்று நான், நான் கிளம்பட்டும் என்று அவர். நோர்மா இரண்டு பெயரையும் மறுபடி கூப்பிட்டாள். பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. என் டப்பாவில் காலையோடு மாத்திரை தீர்ந்திருந்தது. அவள் கவுண்டர் பலகையைப் பாதி இறக்கினாள்.

வெந்த கை அரிக்க ஆரம்பித்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று எழுந்து போய் வாங்கினேன். திரும்பி வந்து ஆன்ட்டி முன்னால் நின்றேன்.

"போய் வாங்குங்க ஆன்ட்டி. உங்க மகன் பேரத்தான் கூப்பிடுறாங்க. சாத்தப் போறாங்க லா."

முட்டிவலி எங்கே போனதோ, ஓடினார். அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் பொட்டலத்தில் நடுவில் கோடு போட்ட இளஞ்சிவப்பு மாத்திரைகள். பதினோரு வருஷமாக நான் விழுங்குகிற அதே மாத்திரை. அவர் என் பொட்டலத்தைப் பார்த்தார். நான் அவருடையதைப் பார்த்தேன்.

ஃபெர்ரியில் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். ஆன்ட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீ வாய் தொறக்காத, நானும் தொறக்க மாட்டேன். கல்யாணம் நல்லபடியா முடியட்டும். இனிமே நீ செவ்வாய்க்கிழமை வா, நான் வியாழக்கிழமை வரேன்."

நாள் பிரித்துக் கொடுக்கிறாராம்! எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. சொன்னால் ஞானாம்பிகையின் கல்யாணம் நிற்கலாம், என் கதையும் ஊரெல்லாம் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு அவள் கையிலும் ஒரு பாக்குவெட்டி இருக்கும்.

"நானும் வியாழக்கிழமையே வரேன் ஆன்ட்டி. ஞானத்தையும் கூட்டிக்கிட்டு வரேன். அந்த பெஞ்சில உக்காந்து பாத்துட்டு, கட்டிக்கிறதா வேணாமான்னு அவளே சொல்லட்டும்."

ஆன்ட்டி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வேறு இடம் தேடி அங்குமிங்கும் பார்த்தார். எல்லாப் பலகையிலும் ஆள். கரை சேர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அதுவரை அவர் என் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தது, நானும்தான்.