பன்னிரண்டாம் எண் கூண்டு

சங்குமுனையில் அன்று பன்னிரண்டாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். அதனால் ஊர் கடலைப் பார்த்து ஒரு முழம் சாய்ந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய அமலோற்பவம், விழுந்துவிடாமல் இருக்கக் கைப்பையைக் கரைப்பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். குடை பஸ் ஸ்டாண்டிலேயே கைவிரித்துவிட்டது.

கூண்டு என்பது துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் எச்சரிக்கை. அவளுக்குத் தெரிந்து அது பதினொன்றோடு முடிந்துவிடும். ரேடியோவில் அதற்கு மேல் சொல்லிக் கேட்டதில்லை. பன்னிரண்டு எதற்கு என்று இறங்கும்போது கண்டக்டரிடம் கேட்டிருந்தாள். பதினொன்று வரைக்கும் ஊர்க்காரர்களுக்கு, பன்னிரண்டு வந்து தங்கினவர்களுக்கு என்றார். அதற்கு மேல் அவள் துருவவில்லை. மழையில் நிற்கிற மனிதரைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்பது முறையில்லை.

அமலோற்பவம் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கணவர் சவரிராயன் ரயில் தபாலில் வேலை பார்த்தார். ஓடுகிற ரயிலில் நின்றபடியே ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் போடுவார். மே மாதம் ஒரு வாரம் மட்டும் இருவரும் சங்குமுனைக்கு வருவார்கள். வந்ததும் அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். இவ்வளவு தண்ணீரையும் பிரிக்க வேண்டியதில்லை, எல்லாம் ஒரே விலாசத்துக்குத்தான் போகிறது என்று சொல்லிச் சந்தோஷப்படுவார். இப்படி இருபத்திரண்டு மே மாதங்கள். பிள்ளை குட்டி இல்லாத அவர்களுக்கு அந்த ஒரு வாரம்தான் திருவிழா.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனார். அதன் பிறகு அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யாராவது கேட்டால் முழங்கால் வலி என்பாள். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. இந்தத் தடவை செய்தியில் சங்குமுனையையும் புயலையும் சேர்த்துச் சொன்னபோது மனசு அடித்துக்கொண்டது. புயல் என்றால் ஜனங்கள் ஊரைக் காலி பண்ணுவார்கள். இவள் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்துவிட்டுக் கிளம்பி வந்தாள்.

அவர்கள் எப்போதும் தங்குவது ஐஸ் கம்பெனி மாடியில். வீட்டின் சொந்தக்காரி இஞ்ஞாசியம்மாள் கதவைத் திறந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, இப்படி நனைந்திருக்கிறீர்களே என்றும் கேட்கவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும் டீச்சர். ஒம்பது வருசமா அந்த மனுசன் ஒத்தையில கெடக்காவ."

"எந்த மனுஷன்?"

"நல்லா கேட்டிய. ஒங்க வீட்டுக்காரவதான்."

அமலோற்பவம் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அறைக்குள் போய்ப் பார்த்தாள். தலையணையில் தலை வைத்த பள்ளம் இருந்தது. கொடியில் நீலக் கட்டம் போட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் இறந்ததும் அந்தச் சட்டையைப் பள்ளிக்கூட வாட்ச்மேனுக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தவள் அவள். இரண்டாவது பொத்தானில் இருந்த கறுப்பு நூல் தையலும் அவளுடையதுதான். தொட்டுப் பார்த்தாள். முக்கால்வாசி காய்ந்திருந்தது. இந்த மழையில் துணி காய்கிறதே என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் எங்கே என்று கேட்டாள். டீ குடிக்கப் போயிருக்கிறார், நீங்கள் படியேறும்போதுதான் அவர் இறங்கினார் என்றாள் இஞ்ஞாசியம்மாள். மாடிக்கு இருப்பது ஒரே படிதானே என்றாள் இவள். ஆமாம், ஒரே படிதான், அதற்கென்ன என்றாள் அவள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று விசாரித்ததற்கு, சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடிப்போய் நின்று பார்த்துவிட்டு வருவதுதான் பார்க்கச் சகிக்கவில்லை என்று பதில் வந்தது. அமலோற்பவத்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. முழங்கால் வலி என்று சொன்ன வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

டீக்கடையில் எல்லா டம்ளரிலும் டீ கடல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கடைக்காரர் ராயப்பன் அவளைப் பார்த்ததும் ஒரு டம்ளரை முன்னால் நகர்த்தினார். பாதி குடித்திருந்தது. சூடு ஆறவில்லை. சார் இப்பதான் எந்திரிச்சுப் போனார், நீங்கள் வந்தால் கொடுக்கச் சொன்னார் என்றார். அவள் நின்றபடியே மீதியைக் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காத மனுஷன், செத்தும் கேட்கவில்லை.

அப்போது மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. ஊரில் வந்து தங்கியவர்கள் அனைவரும் மாலை நான்கு மணிக்குள் துறைமுக ஆபீசுக்கு வந்து பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், இடம் குடும்பத்துக்கு ஒருவருக்கு மட்டுமே, வராத குடும்பங்களின் பெயர் முழுசாக அடிக்கப்படும் என்று அறிவித்தது. இதையே மூன்று தடவை சொல்லிவிட்டு நன்றி, வணக்கம் என்றது. மணி இரண்டேகால். நான்குக்குள் அவரைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவள் வேகமாக நடந்தாள்.

கலங்கரை விளக்கத்துக்குப் போகும் தெரு காற்றில் நீண்டுபோயிருந்தது. முன்பு அங்கே மூன்று வீடுகள். இப்போது முப்பதுக்கு மேல். எல்லாம் அந்த மூன்று வீடுகளேதான், மாறி மாறி வந்தன. ஒவ்வொரு மூன்றாவது வாசலிலும் ஒரே பெண் ஒரே கருவாட்டுக் கூடையை உள்ளே தூக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கமாக உயரமாக ஒருத்தர் போனாரா என்று அமலோற்பவம் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். இப்பதான் போனாவ என்று அவளும் ஒவ்வொரு தடவையும் அலுக்காமல் சொன்னாள். பதினோராவது தடவை மட்டும், நாளைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன் என்று சேர்த்துக்கொண்டாள்.

கலங்கரை விளக்கத்தடியில் அவர் வழக்கமாக உட்காரும் சிமெண்ட் பெஞ்சு இருந்தது. பெஞ்சில் ஆள் இல்லை. கொட்டுகிற மழையில் ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் காய்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் முதல் சொட்டு விழுந்தது. பிறகு அதுவும் நனைந்தது. அவள் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏங்க என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். கடல் மட்டும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் அவள் அதைத் தடுக்கவில்லை.

துறைமுக ஆபீசில் வாசலுக்கும் ஜன்னலுக்கும் இருபதடி தூரம். வரிசை நகர நகர வராந்தாவும் கூடவே நீண்டது. பத்தடி முன்னால் போனால் பன்னிரண்டடி மிச்சம் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தங்கள் வலப்பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். அவளும் இடம் விட்டு நின்றாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜன்னல் தானாகவே அவள் முன்னால் வந்தது.

உள்ளே கொரேரா என்ற எழுத்தர் வெள்ளைச் சட்டைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அமலோற்பவம், சவரிராயன் என்று இரண்டு பெயர். வந்த தேதிகள் இருபத்திரண்டும் வரிசையாக இருந்தன. போன தேதிக்கான கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன.

நாங்கள் ஒவ்வொரு வருஷமும் திரும்பிப் போனோமே என்றாள் அவள். கொரேரா பொறுமையாக விளக்கினார். போனதாக ஊருக்கு யாரும் சொல்லவில்லை. பஸ் ஏறுகிற எல்லோரும் போயிட்டு வர்றோம் என்றுதான் சொல்லிவிட்டு ஏறுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒருத்தருக்கும் போறேன் என்று சொல்ல வாய் வராது. வர்றோம் என்று சொல்லிவிட்டுப் போகிறவரை ஊர் எப்படி அனுப்பிவைக்கும், இடத்தைப் போட்டுவைத்துத்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இப்படியே நாலு லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். சின்ன ஊர், எவ்வளவு கனம்தான் தாங்கும். அதனால்தான் சாய்கிறது. குடும்பத்துக்கு ஒருவரைக் குறைத்தால் இந்தப் புயலுக்குத் தாங்கும். உங்கள் இருவரில் யார் போகிறார் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், எழுதிக்கொள்வேன் என்றார்.

அமலோற்பவம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் இறந்து ஒம்பது வருஷம் ஆச்சு சார்."

"அது எங்களுக்குத் தெரியும்மா. இறந்தது வேற. இங்கேருந்து எப்ப போறாவன்னுதான் கேக்கேன்."

தன் கணவர் போவதாகச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டாள். இந்த நிமிஷத்திலிருந்து அவர் இந்த ஊரில் இருக்க மாட்டார் என்றார் கொரேரா. வேறு எங்கே இருப்பார் என்று கேட்டாள். அது தங்கள் எல்லைக்குள் வராது என்றார்.

கணவர் பெயரை அடிப்பது அவளுக்குப் புதிதில்லை. ரேஷன் கார்டில் அடித்தாள். கேஸ் கனெக்‌ஷனில் அடித்தாள். வாக்காளர் பட்டியலில், பாங்கில், கோயில் சந்தா நோட்டில், எல்லா ஜன்னலிலும் இறப்புச் சான்றிதழின் நகலை நீட்டி, இவர் இல்லைங்க, எடுத்துடுங்க என்று சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். யோசித்துப் பார்த்தால், சவரிராயன் என்ற பெயர் அடிபடாமல் இருக்கிற நோட்டு உலகத்திலேயே இது ஒன்றுதான். அதுவும் அவருக்குப் பிடித்த ஊரில்.

"நான் போனா?"

"நீங்க போனா அவிய இருக்கலாம். இனிமே ஊர்ல உள்ள யாருக்கும் ஒங்களத் தெரியாது. நீங்க இங்க வந்ததே கெடையாது."

"யாருக்குமேவா?"

"அவியளும் ஊர்லதான இருக்காவ."

மணி நான்கடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. கொரேரா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்க்காதது மாதிரி சுவரைப் பார்த்தார். அவளுக்குக் கணவரைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. ஒரே ஒரு தடவை, டீ டம்ளரோடு, அந்த பெஞ்சில். அதைக் கேட்க அங்கே ஒரு படிவமும் இல்லை.

"நான் போறேன்" என்றாள்.

சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றார். சத்தமாகச் சொன்னாள். வரிசையில் நின்ற ஒரு பெண் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். கொரேரா ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். ஊர் ஒரு நூலளவு நிமிர்ந்தது. அவர் தலையை நிமிர்த்தி, யாரும்மா நீங்க, ஆபீஸ் மூடுற நேரம், என்ன வேணும் என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

ஐஸ் கம்பெனி வாசலில் இஞ்ஞாசியம்மாள் நின்றிருந்தாள். நனைஞ்சிட்டுப் போறீயளே, எந்த ஊரும்மா என்று அன்பாகவே கேட்டாள். அந்த அன்பைத் தாங்க முடியாமல் அமலோற்பவம் வேகமாக நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் சவரிராயன் உட்கார்ந்திருந்தார். தலை ஈரமாக இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தார். முகத்தில் பழைய தூக்கக்கலக்கம் இல்லை. அவளைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார். முன்பின் தெரியாத பெண்ணுக்கு எவ்வளவு இடம் விட வேண்டுமோ அவ்வளவு விட்டார். அவள் உட்கார்ந்தாள்.

யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அதுதான் தெரியவில்லை என்றார் அவர். பஸ் சத்தம் கேட்டால் கால் தானாக இங்கே வந்துவிடுகிறது, வந்து உட்கார்ந்தபின் யாரை எதிர்பார்த்தேன் என்று ஞாபகம் வரவில்லை, கொஞ்ச நேரம் முன்னால் வரைக்கும் தெரிந்திருந்தது என்றார். வயசாகிறது இல்லையா என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"நீங்க எங்கம்மா போறீங்க?"

"திருச்சிக்கு."

"அங்க யார் இருக்காங்க?"

"வீட்டுக்காரர் இருந்தார். இப்ப கடற்கரை ஊர்ல இருக்கார். நல்லா இருக்கார்."

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். மழை தகரக் கூரையில் விடாமல் அடித்தது.

"உங்களை விட்டுட்டு எப்படி நல்லா இருக்கார்?"

"அவருக்குத் தெரியாதுங்க" என்றாள்.

பஸ் வந்தது. அவர் எழுந்து, கைப்பையைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். ஜன்னலோரம் ஒழுகும், உள்பக்கமாக உட்காருங்கள் என்றார். அவள் ஜன்னலோரமே உட்கார்ந்தாள். அவர் கடல் பக்கமாக நடந்துபோனார். தெரு முனை வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்கு அந்த பஸ்ஸில் யாரும் இல்லை.