சின்னத்தங்கத்தைத் தேடி

பரிசோதனை அறிக்கை வந்துசேர்ந்தபோது வாகரையில் ஆளில்லை. 2006 ஆடியில், பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்கில் எடுத்து அனுப்பிய மாதிரியின் அறிக்கை அது. அதற்குப் பிறகு ஷெல் விழத் தொடங்கி, ஊரே காடும் களப்பும் கடந்து ஓடிவந்து முகாம்களில் சிதறிக் கிடந்தது. அந்தக் கிளினிக்கின் மருத்துவ மாது புஸ்பமும் அப்படி ஓடிவந்தவள்தான். மாசியில் வாழைச்சேனையில் வைத்து அவளிடம் கொடுத்த தாளில் ஒரு பெயர் இருந்தது: சின்னத்தங்கம், வயது முப்பத்தெட்டு. கருப்பைக் கழுத்துக் கலங்களில் புற்றுநோயாகக்கூடிய மாற்றம். உடனடியாகப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவும்.

'உடனடியாக' என்ற சொல் புஸ்பத்தை இருக்கவிடவில்லை. வரமாட்டேன் என்றவளை வீடு தேடிப்போய்க் கிளினிக்குக்குக் கூட்டிவந்தது அவள்தான். ஒன்றும் இருக்காது, பயப்படாதே என்று சொன்னதும் அவள்தான்.

சைக்கிளில் முகாம் முகாமாக அலைந்தாள். முதல் முகாமில் கிடைத்த சின்னத்தங்கத்துக்கு வயது எழுபது. ஆஸ்பத்திரி என்றதும் அந்த மனுசி நடுங்கிப்போனாள். அதன் பிறகு புஸ்பம், "சுனாமியில போன வீரகத்திர பெண்சாதி" என்றே விசாரித்தாள். களுவங்கேணியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அங்கே போனால், போன கிழமைதான் கிரானுக்கு மாற்றினார்கள் என்றார்கள்.

நாலாம் நாள், கிரான் முகாமின் தண்ணீர் வரிசையில் குடத்தோடு நின்றவளைக் கண்டுபிடித்தாள். ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் மறைக்காமல் சொன்னாள்.

"எனக்கு நோவொண்டும் இல்லையே, மிஸ்ஸி."

"இப்ப நோகாது. நொந்தாப்பிறகு போய் வேலையில்ல. நாளைக்கே போவம்."

சின்னத்தங்கம் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பதினைந்து வயது மகள் கிருசிகா இருந்தாள்.

"புள்ளையத் தனிய விட்டுட்டு வரமாட்டன். நேத்தும் ஆள்பிடிக்கிற ரெண்டு பேர் வந்து இவள்ர பேரக் கேட்டுட்டுப் போனானுகள். நான் செத்தாலும் பரவாயில்ல."

"நீங்க செத்தா அவள ஆர் பார்க்கிற?"

சின்னத்தங்கம் குடத்தை இறக்கிவைத்தாள். புஸ்பம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, துணைக்கு வருபவர் என்ற இடத்தில் கிருசிகாவின் பெயரை எழுதினாள்.

மறுநாள் மூவரும் பஸ் ஏறினார்கள். சோதனைச்சாவடி ஒவ்வொன்றிலும் இறக்கி ஏற்றினார்கள். கடைசிச் சாவடியில் சிப்பாய் ஒருவன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். புஸ்பம் மணிக்கூட்டைப் பார்ப்பதும் அவன் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் பரிசோதித்த வைத்தியர், நோய் பரவவில்லை, மாறிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்தால் போதும் என்றார். சத்திரசிகிச்சை நடந்த நேரம் முழுவதும் புஸ்பம் வெளியே நடந்துகொண்டேயிருந்தாள்.

"இரிங்களன் மிஸ்ஸி," என்றாள் கிருசிகா. "உங்களப் பார்க்கத்தான் எனக்குப் பயமா இரிக்கு."

புஸ்பம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதும் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த வருடம் வாகரையில், தகரக்கூரை போட்ட அறையொன்றில் கிளினிக் திரும்பவும் தொடங்கியது. சின்னத்தங்கத்தின் மறுபரிசோதனையில் குறை எதுவும் இல்லை. புஸ்பம் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தாள்.

"ஒண்டுமில்லத்தானே? அப்ப நான் வாறன். கருவாடு வெயில்ல கிடக்கு."

வாசலில் பாலசுந்தரி என்ற அயல்வீட்டுக்காரி உள்ளே வருவதா, திரும்பிப் போவதா என்று நின்றிருந்தாள். சின்னத்தங்கம் அவளுடைய குடையை வாங்கிக்கொண்டாள்.

"உள்ளுக்குப் போ. நான் இதில நிக்கிறன்."