வரிசை உடையாமல்

மாலுபணிஸ் என்ற மீன் பணிஸைப் பிய்த்து, மீன் நிறைந்த பாதியை யுகேஷ் தன் வாயில் போட்டுக்கொண்டான். மீதியை மனைவி தனுஜாவிடம் நீட்டினான்.

"எனக்கு வெறும் பாணா?"

"இறக்கத்துல பாரம் இருந்தாத்தானே வேகம் வரும்," என்று சிரித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான். கலஹாப் பாதையின் தேநீர்க் கடையிலிருந்து அவர்களின் சைக்கிள் குழு கீழே இறங்கியது.

ஞாயிறுதோறும் சைக்கிள் ஓடும் அந்தக் குழுவுக்குச் சேந்தன் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வேலை பார்க்கும் பொறியியலாளர். சந்தி வந்தால் முன்னால் போகும் அவர் எட்டிப் பார்த்து, "கிளியர்!" என்று கத்துவார். பின்னால் வருகிறவர்கள் அதே சொல்லை ஒருவர் மாற்றி ஒருவர் கத்தியபடி, பிரேக் பிடிக்காமல் கடந்துவிடுவார்கள். வரிசை உடையக் கூடாது. அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அன்று பிரதான வீதியைச் சேரும் சந்தியில் சேந்தனுக்குப் பாதை காலியாக இருந்தது. கடைசியில் போன யுகேஷுக்கு இல்லை. சப்பாத்து நாடா அவிழ்ந்ததால் சற்று மேலே ஓரமாக நின்ற தனுஜா, அவனும் "கிளியர்" என்று கத்தியதைக் கேட்டாள். பிறகு வேனின் சத்தம்.

யுகேஷின் காரியம் முடிந்த மறுநாள், கட்டுகஸ்தோட்டையில் இருந்த அவள் வீட்டுக்குச் சேந்தன் வந்தார். குழுவில் ஓடும் பஹீமும் கூட வந்திருந்தார்.

"தங்கச்சி, வாற ஞாயிறு யுகேஷின்ர நினைவா ஓடப் போறம். படம் போட்டு ரீசேர்ட் அடிச்சிருக்கு," என்று சேந்தன் யுகேஷின் முகம் அச்சிட்ட சட்டை ஒன்றை எடுத்துக் கதிரையில் வைத்தார்.

தனுஜா அதைப் பார்க்கவில்லை. "பொலிஸ்ல என்னா சொன்னீங்க?"

"உள்ளதைத்தான். வேன்காரன் கண்மண் தெரியாமல் வந்தவன் எண்டு."

வேன்காரர் கறுப்பையா மரக்கறி ஏற்றி வந்தவர். யுகேஷின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு கதறியவரும் அவர்தான். இப்போது விளக்கமறியலில் அடைபட்டிருந்தார்.

"அவரு நேர் ரோட்ல மெதுவாத்தான் வந்தாரு. நாங்கதான் குறுக்கு ரோட்ல இருந்து பாஞ்சோம். நிக்கச் சொல்லி அங்க கோடு போட்டிருக்கில்ல? நீங்க நின்னீங்களா?"

"எல்லாரும் ஒரே அடியா நிண்டால் ஆளோட ஆள் மோதும், தங்கச்சி. பாதுகாப்புக்குத்தான் அந்த முறை."

"உங்க கண்ணு உங்களுக்கு. கடைசியில வாறவருக்கும் சேத்து நீங்க எப்பிடிப் பாப்பீங்க? பெரஹரா ஊர்வலமா போறீங்க, ஊரே வழிவிட்டு நிக்க?"

பஹீம் மெல்ல வாய் திறந்தார். "தங்கச்சி சொல்றது சரி, அண்ணே. நானும் பாக்காமத்தான் கத்தினேன்."

"நீர் சும்மா இரும், பஹீம். கேஸ் எங்கட பக்கம் திரும்பினால் குழுவையே மூட வேணும்."

"மூடுங்க!" அவள் குரல் பக்கத்து வீடுவரை கேட்டது. "ஒரு மனுசன் சாம்பலாயிட்டாரு. இன்னொருத்தர் செய்யாத குத்தத்துக்கு உள்ள கெடக்காரு. உங்களுக்கு வரிசைதான் பெருசா?"

ரீசேர்ட்டை எடுத்துச் சேந்தனின் கையிலேயே திணித்தாள். "அவரு மூஞ்சிய நெஞ்சுல ஒட்டிக்கிட்டு மறுபடி நிக்காமப் போவீங்க. போங்க வெளிய."

சேந்தன் படியிறங்கினார். பஹீம் இறங்கவில்லை. "பொலிஸுக்குப் போறதுன்னா நானும் வாறேன்," என்றார்.

இருவரும் அன்றே வாக்குமூலம் கொடுத்தார்கள். சார்ஜன்ட் முதலில் சலித்துக்கொண்டார். புருஷனைப் பறிகொடுத்தவள் எதிர்த்தரப்புக்காகப் பேசுவது அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் மறுநாள் காலை அவர்களை அந்தச் சந்திக்கே கூட்டிக்கொண்டு போனார். பஹீம் தன் சைக்கிளைக் குறுக்கு வீதியில் உருட்டி வந்து வெள்ளைக் கோட்டில் நிறுத்தினார். அவரைப் போலவே சார்ஜன்ட்டும் பக்கத்தில் நின்று, வேன் வந்த வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். தனுஜா சார்ஜன்ட்டின் முகத்தையே பார்த்தாள்.

அந்தக் கோட்டில் காலூன்றி நின்றால், தூரத்து வளைவு வரைக்கும் பாதை மறைப்பில்லாமல் தெரியும்.