நிழல் அளந்த நூல்

எங்கள் வீட்டுக்குக் கம்பெனி சொன்ன விலை ஐந்து முறை ஏறியது. முதல் முறை நாற்பதாயிரம் யூரோ, ஐந்தாம் முறை இரண்டு லட்சத்து எழுபதாயிரம். பழைய வீடு ஒன்று, அதைச் சுற்றிப் பிளம் தோட்டம், ஒரு கொட்டில், இரண்டு பசு, கண் தெரியாத ஒரு நாய். இதற்குப் போய் எவனாவது அவ்வளவு கொடுப்பானா? எங்கள் மண்ணுக்கு அடியில் கிடக்கிற வெள்ளைத் தாதுதான் அவர்களுக்கு வேண்டும், பாட்டரி செய்வதற்கு. மேலே இருக்கிற நாங்கள் அவர்களுக்கு வெறும் இடைஞ்சல்.

விலை பேச வருகிறவன் பெயர் தாலிபோர். முப்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

"அத்தை, இந்தப் பணத்துக்கு டவுன்ல ரெண்டு ஃப்ளாட் வாங்கலாம். லிஃப்ட்டு, ஹீட்டரு எல்லாம் இருக்கு."

"லிஃப்ட்ல பசுவை ஏத்தலாமா?"

"பசு எதுக்கு அத்தை? அதான் கடையில பாலு கிடைக்குதே."

"அப்ப நீ எதுக்குடா என் வீட்டுப் பாலாடையை மூணு கரண்டி அள்ளிப் போட்டுக்கிட்டே?"

என் கணவர் ஒப்ரென் ராக்கியா என்கிற பிளம் சாராயக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். தாலிபோரும் சிரித்தான். சிரித்துக்கொண்டே காகிதத்தை மேஜையில் விட்டுவிட்டுப் போனான். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டு யெலிகா வசந்த காலத்திலேயே விற்றுவிட்டாள். விற்ற வாரமே கம்பெனி அவள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டது. விற்றவர்கள் மனசு மாறித் திரும்பி வந்து குடியேறிவிடக் கூடாது அல்லவா, அதற்கு. ஜூன் மழையில் அவள் அடுப்படியில் புல் முளைத்தது. ராத்திரியானால் அந்தப் பக்கம் ஒரு விளக்கு கிடையாது. பன்னிரண்டு வீடு இருந்த சரிவில் எங்களோடு சேர்த்து மூன்று வீட்டில்தான் புகை வந்தது.

நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் என் மகன் வெலிமிர். ஒன்பது வருஷமாக வியன்னாவில் ரோடு போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். கடைசியில் எப்போதும் ஒரே பேச்சுத்தான். "வித்துடாதேம்மா. நான் வந்துடுவேன். அது என் வீடு." அந்த ஒரு வார்த்தைக்காக நான் பத்துக் கம்பெனியோடு சண்டை போடுவேன்.

ஆகஸ்டு கடைசியில் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொதுநலனுக்காக, சம்மதிக்காதவர்களின் நிலத்தைப் பனிக்காலத்துக்குள் சட்டப்படி எடுத்துக்கொள்வார்களாம். ஒப்ரென் அதை மூன்று முறை படித்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அடுத்த வாரமே ஆரஞ்சுச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்ட ஆட்கள் சரிவில் முளை அடிக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டை அளக்க இவர்கள் யார்?

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. ஒரு வீடு நிலைத்து நிற்க ஒரு உயிர் வேண்டும். இப்போது கடைக்காலில் சேவல் அறுக்கிறார்கள். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் ஆள் நிழலைத் திருடுவார்கள். வழியில் போகிறவனுடைய நிழலை, அவனுக்குத் தெரியாமல், தலை முதல் கால் வரை நூலாலோ குச்சியாலோ அளந்து சுவருக்குள் வைத்துக் கட்டிவிடுவார்கள். நாற்பது நாளில் அந்த ஆள் செத்துப்போவான். அப்புறம் அந்த வீட்டுக்கு அவன்தான் காவல். அதை யாராலும் அசைக்க முடியாது. என் மாமியார் அடுப்பில் மிளகாய் வாட்டிக்கொண்டே இதைச் சொல்லுவார். அளக்கும்போது ஆளை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும்தான் பார்க்க வேண்டும். அளந்த விஷயம் அந்த ஆள் காதுக்குப் போனால் அவன் சாக நாற்பது நாள்கூட ஆகாது. இதையும் அவர்தான் சொன்னார்.

கம்பெனிக்காரன் ஒருவனே என் வீட்டுக்குக் காவலாக நிற்கட்டும். அப்புறம் எந்த இயந்திரம் இதை இடிக்கிறது என்று பார்க்கலாம். அவன் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டால், ஆமாம், நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. ஒப்ரென் ஆலைக்குச் சோளம் கொண்டு போயிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம், பிளம் மரங்களுக்கு நடுவே, அளவுக் கருவியின் முக்காலியை நட்டுக்கொண்டு ஒருவன் வந்து நின்றான். ஆரஞ்சுச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் கண்ணில் பட்டதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏறு வெயில் அவன் நிழலை நீளமாக என் முற்றத்தில் போட்டிருந்தது. சிவப்புக் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு வேலியோரமாக முட்டி போட்டு நகர்ந்தேன். தொப்பி நிழலில் ஒரு முடிச்சு, கால் நிழலில் ஒரு முடிச்சு. நாய் குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கிழட்டு நாய்க்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வாசற்படிக்கும் கல் அடித்தளத்துக்கும் நடுவே ஒரு விரிசல் உண்டு. நூலை ஒரு கூழாங்கல்லில் சுற்றி உள்ளே போட்டேன். அது கல்லில் தட்டித் தட்டி வெகு ஆழத்துக்குப் போகிற சத்தம் கேட்டது. மேலே சுண்ணாம்பைக் குழைத்து அடைத்தேன். கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்கு வந்து காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

காப்பி பொங்கும் நேரம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஆரஞ்சுச் சட்டை. தொப்பியைக் கழற்றிவிட்டு வெலிமிர் நிற்கிறான்.

"என்னம்மா, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கறே? திட்டறதா இருந்தா மொதல்ல சோத்தைப் போட்டுட்டுத் திட்டு."

"நீ எப்படா வந்தே?"

"ஒரு வாரம் ஆச்சு. டவுன்ல தங்கியிருந்தேன். கம்பெனியில அளக்குற வேலைம்மா. கோவிச்சுக்காதே. வியன்னா போதும்னு ஆயிடுச்சு. இங்க பக்கத்துல வேற வேலை ஏது? அந்தக் கடுதாசியைக் கோர்ட்டுல பாத்துக்கலாம், ரெண்டு வருஷச் சம்பளத்துல கூரையை மாத்திடலாம். நம்ம தோட்டத்தை நானே அளக்கிறேன்னு கேட்டு வாங்கினேன், கண்டவன் வந்து கன்னுங்களை மிதிக்கக் கூடாதுல்ல."

நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். கம்பெனியில் சேர்ந்ததற்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து அவன் என் தலையைத் தடவினான். அவன் மிதித்து ஏறி வந்த படிக்கல்லில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு சுண்ணாம்பை நோண்டி எடுத்து, அடுப்புக் கம்பியை விட்டுத் துழாவிப் பார்த்தேன். எட்டவில்லை. ஒரு ஆள் அகலத்துக்குக் கல் அடுக்கிய அடித்தளம், அதற்கு மேல் மொத்த வீடும் உட்கார்ந்திருக்கிறது.

எட்டாம் நாள் அவனுக்கு இருமல் வந்தது. பதினேழாம் நாள் பிளம் பறிக்கும்போது ஏணி முறிந்து விழுந்தான். தலை கல்லுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் பட்டது. "கல்லுக்கு வலிக்குமேன்னு தள்ளி விழுந்தேம்மா" என்று சிரித்தான். சிரிக்கும்போதே இருமினான். அவன் முகம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. டவுன் டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நான் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். எங்கள் குடும்பக் கல்லறையில் ஒரு சின்னக் கல் உண்டு, ஸ்ரெட்டென் என்று பேர் வெட்டியிருக்கும். ஒப்ரெனின் தாத்தாவுடைய தம்பி, 1911இல் ஏழு வயதில் காய்ச்சலில் போனவன். அவனுக்கும் ஒன்று ஏற்றி, என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று வேண்டினேன்.

இருபதாம் நாள் கொட்டிலில் ஒப்ரெனிடம் சொல்லிவிட்டேன்.

"யார் நிழலை அளந்தே?"

"கம்பெனிக்காரன்னு நெனச்சேன்."

அவர் பால் வாளியைக் கீழே வைத்தார். கொட்டில் ஆணியில் தொங்கிய ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"பழைய கதைடீ. பொய்யாத்தான் இருக்கும்."

"பொய்னா ஏன் வாளியைக் கீழே வெச்சுட்டே?"

"பையன்கிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? உங்கம்மா சொன்னது உனக்குத் தெரியாதா?"

வாளியை மறுபடி எடுத்துக்கொண்டு, "நூலை எடுக்கணும்னா வீட்டை இடிக்கணும்" என்றார். அவ்வளவுதான். அவர் பிறந்த வீடு அது.

அடித்தளம் வரைக்கும் பெயர்க்கிற வண்டி கம்பெனியிடம்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே தாலிபோரின் அலுவலகத்துக்குப் போனேன். அவனே எழுந்து நாற்காலி போட்டான்.

"கையெழுத்துப் போடறோம்" என்றேன். "ஆனா இடிக்கிற வண்டி உடனே வரணும். அடித்தளத்தைத் தோண்டுறப்ப நான் பக்கத்துல நிப்பேன். அன்னைக்கு என் மகனை வேற ஊருக்கு அனுப்பிடணும். அவனுக்கு இப்ப எதுவும் தெரியக் கூடாது."

"இன்னும் எவ்வளவு கூட எதிர்பார்க்கறீங்க அத்தை?"

"ஒரு காசு கூட வேண்டாம். நாளைத் தள்ளாம இருந்தாப் போதும்."

அவன் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். இரண்டு வருஷமாக எனக்கு எது விலை என்று கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடியவன். இப்போதும் அவனுக்குப் புரியவில்லை.

பத்திரம், முத்திரை என்று இழுத்தடித்து, முப்பத்துமூன்றாம் நாள்தான் வண்டி வந்தது. வெலிமிரை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். சாமி படத்தையும் துணிமணியையும் எடுத்து வைத்துக்கொண்டோம். பசுக்களை முந்தின நாளே ஒருத்தர் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். வண்டி முதல் இடி இடித்ததும் புகைக்கூண்டு சரிந்தது. ஒப்ரென் திரும்பி நின்றுகொண்டார். நான் திரும்பவில்லை. எவ்வளவு சீக்கிரம் விழுமோ அவ்வளவு நல்லது என்று நின்றேன்.

அடித்தளத்துக்கு வந்ததும் டிரைவரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குழியில் இறங்கினேன். கல் கல்லாகப் புரட்டினேன். நகம் பெயர்ந்தது. நூல் கிடைத்தது. சுண்ணாம்பு படிந்து, கூழாங்கல்லைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது. எடுத்துத் தலைக்குட்டை நுனியில் முடிந்துகொண்டேன். அப்போது படிக்கல்லுக்கு அடியில் இன்னொன்று தெரிந்தது. கருத்துப்போன ஒரு குச்சி, இரண்டு முனையும் கத்தியால் நேராக வெட்டியது. நிமிர்த்திப் பார்த்தேன். என் மார் உயரம்தான் இருந்தது.

விழுந்து கிடந்த கதவு உத்தரத்தில் வீடு கட்டிய வருஷம் செதுக்கியிருக்கும். 1911. முப்பத்தைந்து வருஷமாக அதைத் துடைத்திருக்கிறேன்.

"ஒப்ரென், இது என்ன?"

அவர் குழி விளிம்பில் உட்கார்ந்தார். "அப்பா ஒருநாள் போதையில சொன்னாரு. ரோட்டுல அன்னைக்கு யாரும் வரலையாம். கொத்தனாருங்களுக்குச் சோறு கொண்டு வந்தது ஸ்ரெட்டென்தானாம். அவங்களே அளந்தாங்களா, வீட்டுக்காரங்க கண்ணைக் காட்டினாங்களான்னு யாருக்கும் தெரியாது. நான் நம்பல."

எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்ன வீடு அது. அதன் படியில் உட்கார்ந்துதான் என் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்.

உத்தரக் கட்டைகளில் தீ மூட்டி நூலை எரித்தேன். குச்சியைக் கொண்டுபோய் அந்தச் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அந்தக் கல்லறையையும் அடுத்த வருஷம் கம்பெனி இடம் மாற்றப்போகிறது.

சாயங்காலம் வெலிமிர் வந்தான். கற்குவியலுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு வெகு நேரம் இறங்கவே இல்லை. பிறகு வந்தான்.

"எவ்வளவும்மா குடுத்தாங்க?"

"ரெண்டு லட்சத்து எழுபது."

"நான் கூரைக்குப் பலகை சொல்லியிருந்தேன். முன்பணம் குடுத்திருந்தேன்." அவன் குரல் உயரவே இல்லை. "ஒன்பது வருஷம் போன்ல சொன்னேனே. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

ஒப்ரென் வாயைத் திறந்தார். நான் அவர் கையை அழுத்திப் பிடித்தேன். இன்னும் ஏழு நாள் இருந்தது.

"வயசாயிடுச்சுடா. முடியல" என்றேன்.

"நீயா?" என்றான். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிக் குவியல் மேல் போட்டுவிட்டு நடந்தான். மூன்றாம் நாள் வியன்னா பஸ் ஏறிவிட்டான் என்று அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

டவுனில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் இருக்கிறது. நாற்பதாம் நாள் முழுக்க போன் பண்ணினேன். அவன் எடுக்கவே இல்லை. ஒப்ரென் சாப்பிடவில்லை. பஸ் கவிழ்ந்ததாகவும், சாரம் சரிந்ததாகவும், ரோடு போடும் உருளை அவன் மேல் ஏறியதாகவும் எல்லாம் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நூலை எடுத்தால் போதும் என்று யார் சொன்னது? நானாகத்தானே முடிவு செய்தேன்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு மறுபடியும் போட்டேன். பத்தாவது ரிங்கில் எடுத்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்லடா. உன் குரலைக் கேக்கலாம்னு."

"காசை எண்ணி முடிச்சாச்சா?" என்று கேட்டான். இருமல் இல்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டான்.

ஒப்ரென் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பேசினான்" என்றேன். உயிரோடு இருக்கிற பிள்ளைதானே தாயை அப்படிக் கேட்க முடியும்?