உட்கார்ந்தே இருப்பவர் என்று ஒரு கடிதம்

நாற்பது பேரைப் பிடிப்பதற்குள் ஆராய்ச்சி மாணவிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மாணவி என்பது பேச்சுக்குத்தான். வயது முப்பத்தெட்டு, வீட்டில் இரண்டு பிள்ளைகள், பட்டத்துக்கு இது ஆறாவது வருடம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் பெரியவர்களை மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வைத்தால் உடம்பு தேறுமா என்பது அவளுடைய ஆய்வு. அதற்கு முதலில் உட்கார்ந்தே இருப்பவர்கள் வேண்டும் அல்லவா? அவர்களைக் கண்டுபிடிக்க விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: வாரத்தில் மூன்று நாளாவது உடற்பயிற்சி செய்வீர்களா? இல்லை என்று டிக் அடித்தால் ஆள் உள்ளே. அவளுக்கு முன்னால் ஆய்வு செய்தவர்களும் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். அவளும் யோசிக்காமல் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சேர்ந்தவர்களுக்குக் கணினியே கடிதம் அச்சடித்து அனுப்பியது. “தாங்கள் உட்கார்ந்தே இருப்பவர் என்ற பிரிவில் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்” என்று, ஏதோ பரிசு விழுந்த தோரணையில்.

அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சலவைக்கூடத்து அக்கா வந்தாள். பெரிய மருத்துவமனையின் போர்வைகளும் விரிப்புகளும் அவள் கையால் மடிபட்டுத்தான் வார்டுக்குப் போகும். உட்காருவதையும் நடப்பதையும் அளக்கத் தொடையில் ஒரு வாரம் ஒட்டியிருந்த தீப்பெட்டி அளவுக் கருவியை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் கடிதத்தையும் வைத்தாள்.

“இந்தாங்க டாக்டரம்மா உங்க மிஷினு. இந்த லெட்டரையும் நீங்களே வச்சுக்குங்க. இதால என் மானமே போச்சு.”

“நான் இன்னும் டாக்டர் ஆகலக்கா. உக்காருங்க, என்ன ஆச்சு?”

“உக்கார்றதுக்குத்தானே இவ்வளவு சண்டையும்!”

பதினோரு வருடமாக அக்கா மடிப்பு மேஜைமுன் நின்றுகொண்டே வேலை செய்கிறாள். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை நரம்பு புடைத்துக் கிடந்தது. ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் ஏழு மாதமாகக் கெஞ்சி, அவரும் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். அந்த நேரம் பார்த்தா இந்தக் கடிதம் வேலை செய்யும் இடத்து விலாசத்துக்குப் போய்ச் சேர வேண்டும்? அவர் அதைப் பிரித்து எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார்.

“‘பல்கலைக்கழகத்துக்காரங்களே சொல்லிட்டாங்க, நீ எப்பவும் உக்காந்தே இருக்கற ஆளாம். உனக்கு ஸ்டூல் வேற கேக்குதா?’ன்னாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. எக்சர்சைஸ் பண்றியான்னு கேட்டீங்க, இல்லைன்னேன். உக்கார்றியான்னு நீங்க கேக்கவே இல்லையேம்மா!”

மாணவிக்குச் சுருக்கென்றது. கருவியைக் கணினியில் செருகினாள். உட்கார்ந்த நேரம் நீலம், நின்ற நேரம் பச்சை, நடந்த நேரம் சிவப்பு; தூங்கிய நேரம் கணக்கில் இல்லை. அக்காவின் வாரம் முழுக்கப் பச்சையாக இருந்தது. பேருந்தில் வரும்போதும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் மட்டும் கொஞ்சம் நீலம். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு மணி பத்து நிமிடம்.

அக்கா போனபின் மற்றவர்களின் பதிவுகளைத் திறந்தாள். ஓட்டல் பரிமாறுபவர், வாசல் காவலாளி, முடிதிருத்துபவர் என்று இன்னும் ஏழு பேர் உட்காரவே நேரமில்லாதவர்கள். அதைவிடக் கொடுமை, அவள் கைகுலுக்கித் திருப்பியனுப்பிய கணக்கர். தினமும் விடியற்காலை ஓடுகிறார் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஓடி முடித்துவிட்டுப் பதினோரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது என்று அவரே அன்றைக்குச் சொன்னார். அவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“எட்டு பேர்தானேம்மா? சத்தமில்லாம கழட்டி விட்டுட்டு முடிச்சுடு. லெட்டரையெல்லாம் யாரு பாக்கப் போறா?”

“அந்த அக்காவோட சூப்பர்வைசர் பாத்துட்டாரே சார்.”

“தப்புன்னு எழுதிக் கொடுத்தா, அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழு ஆய்வையே நிறுத்திடும். இன்னும் ஒரு வருஷம் போகும், பரவாயில்லையா?”

ஆறு வருடத்தில் அவள் வீட்டாரின் பொறுமை நூலாகத் தேய்ந்திருந்தது. பயமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஆனாலும் அன்று சாயங்காலமே தன் கையால் எழுதினாள்: “விழித்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, உடம்புக்கு அதிக வேலையில்லாமல் கழியும் நேரத்தைத்தான் உட்கார்ந்த நேரம் என்று கணக்கிட வேண்டும். உடற்பயிற்சி செய்யாதது வேறு விஷயம். இவர் நாளில் இரண்டு மணி பத்து நிமிடம்தான் உட்காருகிறார். முந்தைய கடிதத்தில் உள்ளது எங்கள் தவறு.” கையெழுத்துப் போட்டு, பச்சைப் படத்தையும் இணைத்து, அதே விலாசத்துக்கும், நகலைக் குழுவுக்கும் அனுப்பினாள்.

குழு ஆய்வை நிறுத்தியது. புது விண்ணப்பம் தயாராகி அனுமதி கிடைக்க முழுசாகப் பதினான்கு மாதம் ஆனது. இந்த முறை கேள்வியை நம்பவில்லை. ஒரு வாரம் கருவியை ஒட்டிப் பார்த்து, நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால்தான் ஆள் உள்ளே.

முதல் ஆளாகச் சலவைக்கூடத்து அக்காவே வந்து நின்றாள்.

“டாக்டர் ஆயிட்டீங்களாம்மா?”

“எங்கக்கா! இப்பத்தான் மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கறேன்.”

“எனக்கும் ஒட்டி விடுங்க. எவ்வளவு உக்கார்றேன்னு பாக்கணும்.”

அடுத்த வாரம் கணினி காட்டியது: நாளுக்கு ஆறு மணி இருபது நிமிடம். காலை எட்டு மணியிலிருந்து நீலம் நீளமாக ஓடியது. உட்கார்ந்தே இருப்பவர் என்று கடிதம் அச்சாகி வந்து விழுந்தது. இந்த முறை ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

“நீங்க சேரலாம்க்கா. ஆனா மணிக்கொரு தரம் எழுந்து நடக்கணும்.”

அக்கா கடிதத்தை நாலாக மடித்து இடுப்புப் பையில் செருகிக்கொண்டாள்.

“போங்கம்மா. பன்னெண்டு வருஷம் நின்னு, உங்க ரெண்டாவது லெட்டரக் காட்டி வாங்குன ஸ்டூலு. கொஞ்ச நாள் நல்லா உக்காந்துட்டு வர்றேனே.”

விண்ணப்பத்தில் ‘சேர விருப்பமில்லை’ என்ற கட்டத்தில் அக்கா டிக் அடித்தாள். முதல் ஆளே கைநழுவிப் போனதில் மாணவிக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.