கெராச்சுட்டிலிருந்து நடந்து வந்தவள்

சலேஹாவுக்குப் பிறை நகரத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷ வேலை. அடுத்த மாதம் ஓய்வு. அதே லைனில் பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலி குமுதாவுடையது. கெராச்சுட் கடற்கரையில் ஆமைக்குஞ்சு பார்க்கவேண்டும் என்று சலேஹா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் லீவு எடுத்து, குமுதா காடியை ஓட்ட, கடல் பாலம் தாண்டி, அந்தக் கடற்கரை இருக்கும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குப் போனார்கள்.

வாசலில் பேரைப் பதிந்தபோது, திரும்பி வரப் படகு வேண்டுமா என்று கவுண்டரில் கேட்டார்கள்.

"வேணாம், நடந்தே வந்துடுவோம்" என்றாள் குமுதா, சலேஹா வாய் திறக்குமுன்.

சலேஹா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். குமுதா ஃபெரியில்கூட ஏறியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏனென்று கேட்டால் "ஒத்துக்காதுக்கா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பாதை முழுக்க வேரும் படியும்தான். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்கி, மரங்களுக்கு நடுவே கடல் தெரிய ஆரம்பித்த இடத்தில் சலேஹா வழுக்கி விழுந்தாள். வலது கணுக்கால் மடங்கிக்கொண்டது. குமுதா அவள் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைத் தாங்கித் தாங்கிக் கரையில் இருந்த ஆமைக் காப்பகம்வரை கூட்டி வந்தாள்.

அங்கே வேலை பார்க்கும் ஐமான் வாளியில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கால் அதற்குள் வீங்கியிருந்தது. "நடக்க முடியாது, படகுக்குச் சொல்லிடறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனெடுத்தான். படகு வரும்வரை, தொட்டியிலிருந்த குஞ்சுகளை எட்டிப் பார்க்கும்படி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக் கொடுத்தான். உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுகள் தொட்டியின் சுவரை முட்டி முட்டி நீந்தின. சலேஹா வலியை மறந்து எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கணக்குத் தப்பியது.

படகு வந்தது. ஐமானும் படகுக்காரரும் சலேஹாவைத் தூக்கி உட்காரவைத்தார்கள். குமுதா ஒரு காலைப் படகில் வைத்தாள். அலை வந்து படகு ஒரு பக்கம் சாய்ந்தது. காலை எடுத்துவிட்டாள்.

"அக்கா, நீங்க போங்க. நான் நடந்து வரேன்."

"தனியாவா?"

"என்னால முடியலக்கா."

சலேஹா அவள் முகத்தைப் பார்த்தாள். "சரி, பாத்து வா" என்றாள்.

படகு போன பிறகுதான் குமுதாவுக்கு அழுகை வந்தது. காலில் அடிபட்டவளைத் தனியாக அனுப்பிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, நிற்காமல் நடந்தாள். கரைக்கு வரும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்த பாதையை ஒரு மணி நேரத்தில் முடித்தாள்.

பூங்கா வாசலருகே படகு ஜெட்டி பக்கத்தில் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் சலேஹா.

"ஏன்கா இன்னும் இங்கேயே இருக்கீங்க? கிரேப் காடி புடிச்சு கிளினிக் போயிருக்கலாமே!"

"எப்படி போறது? என் போன், ஐசி கார்டு எல்லாம் ஒன் தோள்லதானே இருக்கு லா."

குமுதா தோளைத் தொட்டுப் பார்த்தாள். சலேஹாவின் பை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, கேட்காமலே குமுதா பேச ஆரம்பித்தாள். "எனக்கு ஒம்பது வயசு. அண்ணனும் நானும் ஆத்துல சம்பான் படகுல போனோம். கவுந்துடுச்சு. என்னைய தூக்கிட்டாங்க. அண்ணன மறுநாள்தான் எடுத்தாங்க."

சலேஹா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "அண்ணன் பேரு என்ன?" என்று கேட்டாள்.

"கிஷன்."

அந்தப் பேரை அவள் வீட்டில்கூடச் சொல்லி வருஷக்கணக்காகியிருந்தது. சலேஹா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சலேஹாவின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எலும்பு முறியவில்லை, தசைநார்ச் சுளுக்குதான் என்றார் டாக்டர். பத்து நாள் எம்சி லீவு கொடுத்தார்.